'பக்தரே வாரும்' கடைசி சரணம்: யார் இந்த வில்காக்ஸ்?

நாசரேத் ஆல்ட்டோ:
கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பயிற்சி நடக்கிறது. 'பக்தரே வாரும்' (ஆங்கிலத்தில் 'ஓ கம், ஆல் யீ ஃபெய்த்ஃபுல்') பாட்டின் கடைசி சரணத்தில் ஆர்கன் வாசிக்கும் அண்ணன் திடீரென்று வேறு கார்டுகளுக்கு (சேர்த்து ஒலிக்கும் சுரங்களுக்கு) போய்விடுகிறார். ஆல்ட்டோவில் (தாழ்ந்த பெண்குரலில்) எப்போதும் பாடுகிற வரி ஒட்டவே மாட்டேன் என்கிறது. கேட்டால், "நோட்டில் அப்படித்தான் இருக்கு, வில்காக்ஸ் போட்டது" என்கிறார். யார் அவர்? நாங்கள் எதைப் பாடுவது?

பழைய பேஸ்:
அண்ணனைத் திட்டாதீர்கள், சரியாகத்தான் வாசிக்கிறார். அந்தச் சரணத்தில் நான்கு குரல் கிடையாது. எல்லோரும் ராகத்தை மட்டும் பாட வேண்டும், மாறுவது ஆர்கன்தான். ஆங்கிலத்தில் 'வேர்ட் ஆஃப் த ஃபாதர்' என்று வரும் இடத்தில் ஒரு இருண்ட கார்டு விழும். அதை வாசிக்கவே டிசம்பருக்குக் காத்திருக்கும் ஆர்கனிஸ்ட்டுகள் உண்டு. டெஸ்கன்ட், அதாவது ராகத்துக்கு மேலே சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) தனியாகப் பாடும் வரி, அதற்கு முந்தின சரணத்தில்.

டேவிட் வில்காக்ஸ் 1919இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். சிறுவனாக வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் பாடினார். 1939இல் ஆர்கன் மாணவராகக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜுக்குப் போனார், உடனே யுத்தம். 1944இல் நார்மண்டியில் சண்டை போட்டு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர்! பிறகு சாலிஸ்பரி, வூஸ்டர் பேராலயங்களில் ஆர்கனிஸ்ட். 1957 முதல் 1974 வரை கிங்ஸ் காலேஜ் பாடகர் குழுவை நடத்தினார். 1961இல் ரெஜினால்ட் ஜேக்ஸுடன் சேர்ந்து 'கேரல்ஸ் ஃபார் குவயர்ஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு நோட்டுப் புத்தகத்தைத் தொகுத்தார். உங்கள் கையில் இருப்பது அநேகமாக அதன் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

நாசரேத் ஆல்ட்டோ:
நன்றி ஐயா. அவரே ஆர்கனும் வாசித்துக்கொண்டு பாடகர்களையும் நடத்துவாரா?

பழைய பேஸ்:
கிங்ஸில் அவர் முன்னால் நின்று கைகாட்டுவார். ஆர்கனில் பெரும்பாலும் மாணவர்கள்தான். பின்னாளில் பெயர் வாங்கிய சைமன் பிரெஸ்டனும் ஆண்ட்ரூ டேவிஸும் அப்படி உட்கார்ந்தவர்கள். அந்தச் சாப்பலில் சத்தம் அடங்கச் சில விநாடிகள் ஆகும். ஒரு பையன் வரி முடிவில் 'ஸ்' என்பதைக் கொஞ்சம் முந்திச் சொன்னாலும் கூரை வரைக்கும் கேட்கும். நம் கோயிலில் மின்விசிறியும் மைக்கும் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன. ஒரு நாளாவது இரண்டையும் அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யுங்கள், யார் முந்துகிறார் என்று தெரிந்துவிடும்.

கீபோர்டு தம்பி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. சோப்ரானோ ஐந்தாறு பேர்தான் என்றால் எல்லோரையும் டெஸ்கன்ட்டுக்கு ஏற்றிவிடாதீர்கள். இரண்டு பேர் போதும். மற்றவர்கள் ராகத்தில் நிற்காவிட்டால் சபையார் மேலே போகும் குரலைப் பிடித்துக்கொண்டு பாதியில் தடுமாறிவிடுவார்கள்.