நவாலியில் தண்ணீர் கொண்டு போனவர்

நான் சைவம், ஊர் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், சாவுக்குப் பயப்படாத கதை என்றால் பலர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னாரில் கொல்வித்த 600 பேரிலிருந்துதான் தொடங்குவார்கள். சரி, அது பெரிய கதை. நான் சொல்லப்போகிற ஆள் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு ரீச்சர், கலியாணம் கட்டாதவர், கடைசியில் வருத்தம் வந்து கட்டிலில்தான் போனார்.

1995 ஜூலை 9, இலங்கை இராணுவத்தின் நடவடிக்கை தொடங்கிய நாள். வலிகாமம் மேற்கிலிருந்து ஓடிவந்த சனம் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் வளவிலும் தங்கியிருந்தது. பின்னேரம் விமானம் வந்து குண்டு போட்டது. 100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதற்குள் சின்னப் பிள்ளைகளும். சனம் இந்தப் பக்கம் ஓடிவர, ரீச்சர் ஒரு வாளித் தண்ணீரும் கிழித்த சேலைத் துணிகளுமாகக் கோயில் பக்கம் போனார். நான் அப்போது பெடியன், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்ததோடு சரி, அம்மா இழுத்துப் பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள், பயமாக இருக்கவில்லையா ரீச்சர் என்று கேட்டேன்.

"பயமில்லாமல் என்னடா? திரும்ப வந்து போடுவான் எண்டுதான் நினைச்சனான். செபமாலை சொல்லிக்கொண்டு போக அதுவும் பாதியிலை மறந்துபோச்சு. ஆனா செத்தா மோட்சம் எண்டு நம்புற நானே போகாட்டி ஆர் போறது? பிள்ளைகுட்டிக்காரர் வீட்டிலை நிக்கட்டும்."

விசுவாசம் வந்ததும் பயம் பறந்துவிட்டது என்கிற சாட்சிகளை நானும் கேட்டிருக்கிறேன், எனக்கு அவற்றில் அவ்வளவு பிடிப்பில்லை, மன்னிக்கவும். ரீச்சரின் கணக்கு விளங்கியது.

அவருக்குப் பிடித்த புனிதர் யோசவ்வாஸ் அடிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் மறைந்திருந்து பூசை வைத்தவர். 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டு ஓடியபோது, அங்கேயே நின்று கழுவித் துடைத்துப் பார்த்தவரும் அவர்தான். ஒளித்துப் பூசை வைத்ததைவிட இந்த அம்மைக் கதையைத்தான் ரீச்சர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

2006 ஓகஸ்ட் 13 அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரி ஆலயத்தில் ஷெல் விழுந்தது. அங்கே பங்குத்தந்தையாக இருந்த ஜிம் பிறவுண் அடிகள் சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 20ஆம் திகதி மறுபடி அல்லைப்பிட்டிக்குப் போனவர், கூடப் போன ஒருவரோடு காணாமல் போனார். திரும்பிப் போனது பிழை என்று ஊரில் சிலர் கதைத்தார்கள், ரீச்சருக்கு முன்னால் அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ரீச்சருக்கு வந்தது புற்றுநோய். டொக்டர் உண்மையைச் சொன்ன கிழமையே ரியூஷன் காசைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சப் பாடத்தை ஆரிடம் விடுவது என்று எங்களைப் போட்டு அரித்தார். நோவு கூடின இரவுகளில் "கெதியாக் கூப்பிடுமன் ஆண்டவரே" என்று கத்துவார், ஆண்டவரை ஏசினார் என்றே சொல்லலாம், விடிந்ததும் நன்மை (நற்கருணை) வாங்குவார். சாகக்கிடப்பவருக்குச் செய்யும் கடைசிச் சடங்கான அவஸ்தை கொடுக்க சுவாமியார் வந்த அன்று எழும்ப ஏலாமல் கிடந்தபடியே என்னைக் கூப்பிட்டு, சுவாமிக்குச் சீனி வருத்தம், தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊத்து என்றார்.