டோனி ஸ்டூவர்ட்: ஓனரே டிரைவராக இருந்து பட்டம் வென்றது எப்படி?

கோத்தகிரி_டூரிஸ்ட்:
டோனி ஸ்டூவர்ட் 2002, 2005, 2011 என்று மூன்று முறை நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்) கோப்பையை வென்றவர். ஆனால் எல்லோரும் 2011-ஐத்தான் பேசுகிறார்கள். அப்போது அணியும் அவருடையது என்பதாலா? நான் சொந்த டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், மேட்டுப்பாளையம் இறங்கும்போது டியூ, டயர், எஃப்.சி. எல்லாம் மண்டைக்குள் ஓடும், வளைவில் கவனம் வைப்பதே பெரும்பாடு. 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மனுஷர் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கவலையையும் எப்படித் தாங்கினார்?

குன்னூர்_ரேஸ்பிரியன்:
அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் அந்த சீசன் போன விதமே தனி. 2008 வரை ஜோ கிப்ஸ் அணிக்கு ஓட்டினார், முதல் இரண்டு பட்டமும் அங்கேதான். தொழிலதிபர் ஜீன் ஹாஸ் தன் அணியில் பாதிப் பங்கு கொடுக்க, 2009-இல் ஸ்டூவர்ட்-ஹாஸ் ஆரம்பமானது. அதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத அணி அது, இவர் வந்த முதல் வருடமே நான்கு வெற்றி.

2011-இல் பட்டத்தை முடிவு செய்யும் கடைசிப் பத்துப் பந்தயங்கள் தொடங்கும்வரை அவருக்கு வெற்றியே இல்லை. அப்புறம் அந்தப் பத்தில் ஐந்தை அள்ளினார், அதில் ஒன்று மார்டின்ஸ்வில் (நம் கோவை நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதன்முதலாக இறங்கிய தடம்). கடைசிப் பந்தயம் ஹோம்ஸ்டெட், கார்ல் எட்வர்ட்ஸ் 3 புள்ளி முன்னால். ஆரம்பத்திலேயே ஏதோ உடைசல் பட்டு ஸ்டூவர்ட் காரின் முன் கிரில் ஓட்டையாகி, பிட்டில் (பந்தயத்துக்கு நடுவே காரைச் சரிபார்க்கும் இடம்) ஒட்டுப்போட்டுக் கிளம்புவதற்குள் கூட்டத்தின் வாலுக்குப் போய்விட்டார், அங்கிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி வந்து ஜெயித்தார். எட்வர்ட்ஸ் இரண்டாவது. இருவருக்கும் 2403 புள்ளி! வெற்றிக் கணக்கு 5-க்கு 1, அதனால் பட்டம் ஸ்டூவர்ட்டுக்கு.

ஊட்டி_பட்டறை:
ஓட்டினதில் சந்தேகமே இல்லை. ஆனால் தனியாளாகச் சுமந்தார் என்று நினைக்காதீர்கள். என்ஜினும் சேசியும் ஹெண்ட்ரிக் என்ற இன்னொரு அணியிடமிருந்து வந்தவை, கூடவே ஹாஸின் பணபலம். எதை நாமே செய்வது, எதை வெளியே வாங்குவது என்று தெரிந்த ஓனர் அவர். இன்னொன்று, அந்த வருடம் அவருடைய க்ரூ சீஃப் (காரையும் பந்தய உத்தியையும் கவனிக்கும் தலைமை ஆள்) டேரியன் கிரப். பட்டம் வாங்கிக் கொடுத்த கையோடு வெளியே போனார், சீசன் முடியும் முன்பே அவரிடம் சொல்லியாகிவிட்டது. அப்படியும் கடைசிவரை மனிதர் உழைத்தாரே, அந்தப் பட்டத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டியது என்பேன்.

குந்தா_மலை:
பட்டறைக்காரர் சொன்னதோடு ஆலன் குல்விக்கியையும் பாருங்கள். ஸ்டூவர்ட்டுக்கு முன்னால் ஓனராகவும் டிரைவராகவும் பட்டம் வென்ற கடைசி ஆள், 1992. மெக்கானிக்கல் இன்ஜினியர், சின்ன அணி. அட்லாண்டாவில் கடைசிப் பந்தயத்தை ஜெயித்தது பில் எலியட், ஆனால் அதிக சுற்றுகள் முன்னிலையில் இருந்ததற்கான 5 போனஸ் புள்ளி குல்விக்கிக்கு. 103 சுற்று, எலியட் 102. பட்டம் 10 புள்ளியில். அந்தப் போனஸ் எலியட்டுக்குப் போயிருந்தால் புள்ளி சமமாகி, அதிக வெற்றி இருந்த எலியட்தான் சாம்பியன். அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் குல்விக்கி போய்விட்டார், வயது 38. இன்றைக்கும் நினைத்தால் தாங்கவில்லை.

கோத்தகிரி_டூரிஸ்ட்:
நன்றி அண்ணா. ஸ்டூவர்ட்டின் எந்தப் பந்தயத்தை முதலில் பார்க்கலாம்?

குன்னூர்_ரேஸ்பிரியன்:
2016 சோனோமா, வளைவுகள் நிறைந்த கலிபோர்னியா தடம். முதுகெலும்பு அடிபட்டு சீசனின் முதல் எட்டுப் பந்தயம் ஓட்டாதவர். கடைசிச் சுற்றில் டெனி ஹாம்லின் முந்திவிடுகிறார், கடைசி ஹேர்பின்னில் ஹாம்லின் கொஞ்சம் அகலமாகப் போக, இவர் உள்பக்கம் புகுந்து உரசித் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார். அவருடைய 49-ஆவது வெற்றி, அதுவே கடைசியும். கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டின கைக்கு அந்த வளைவு புரியும்.