அரங்குகள் மூடிவிட்டன, வாடகை பாக்கி நிற்கிறது: இங்கிலாந்தில் புதிதாக ஓபரா பாடத் தொடங்கியவருக்கு உதவி கிடைக்குமா?

குழித்துறைக்காரி, 9 நவம்பர் 2020

அனைவருக்கும் வணக்கம். ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் தொடங்கி, சென்னையில் மேற்கத்தியக் குரலிசை பயின்று, இங்கிலாந்துக்கு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. என்னுடையது மெட்ஸோ சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் நடுத்தரமான குரல். பள்ளிகளுக்குச் சென்று சிறுவர்களுக்கான ஓபரா (பாட்டாலேயே நடத்தும் மேற்கத்திய நாடகம்) நடத்தும் குழு ஒன்றில் ஒரு சிறிய வேடமும், கோடைக்கால விழா ஒன்றின் கோரஸில் ஓர் இடமும் கிடைத்திருந்தன. மார்ச் 16 அன்று அரங்குகளுக்குப் போக வேண்டாம் என்று பிரதமர் அறிவித்தார். நிகழ்ச்சி ரத்து என்று மறுநாள் காலையில் பள்ளிக் குழுவின் மின்னஞ்சலும், ஏப்ரலில் விழாவின் மின்னஞ்சலும் வந்தன. பள்ளிக் குழுவுடன் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்ததற்குக்கூடப் பணம் தரவில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்களை வைத்தாவது சமாளித்துவிடலாம் என்று இருந்தேன். சென்ற வியாழக்கிழமை தொடங்கிய இரண்டாவது ஊரடங்கு அதையும் கொண்டுபோய்விட்டது. இம்மாத வாடகை கொடுக்க வேண்டிய நாள் கடந்து 8 நாட்கள் ஆகின்றன. அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அரசோ அறக்கட்டளையோ ஏதேனும் தருகிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விரைவில் சொல்லுங்கள்.

ரெடிங்வாசி

கவலைப்படாதீர்கள் சகோதரி. சுயதொழில் செய்பவர்களுக்கான வருமான ஆதரவுத் திட்டத்தில் சராசரி இலாபத்தில் 80 சதவீதம், மூன்று மாதத்துக்கு 7,500 பவுண்டு வரை தருவதாக நவம்பர் 5 அன்றுதான் நிதியமைச்சர் அறிவித்திருக்கிறார். என் வீட்டுக்குக் குழாய் வேலை செய்ய வருபவர் முதல் இரண்டு தவணைகளையும் வாங்கிவிட்டார். விண்ணப்பம் திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் பெரியவர்

பிள்ளை, நான் 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தபோது எனக்கு எந்த அறக்கட்டளையின் பெயரும் தெரியாது. இரவில் பெற்றோல் நிலையத்திலும் பகலில் ஒரு கடையின் பின்னறையிலும் நின்றேன். ஆறு பேர் ஒரே அறையில் முறை வைத்து உறங்கினோம். முதல் குளிர்காலத்தில் என்னிடம் இருந்த ஒரே கம்பளிச் சட்டை இன்னொருவருடையது. நானும் ஊரில் மிருதங்கம் பழகியவன்தான், ஆனால் அதை நினைத்துக்கொண்டு இருந்திருந்தால் என் பிள்ளைகள் படித்திருக்க மாட்டார்கள். முதியோர் பராமரிப்புக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எங்கும் ஓடிவிடாது.

பெர்லின் தமிழன்

இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை என்பது என் தாழ்மையான கருத்து. மார்ச் இறுதியில் பெர்லின் மாநில அரசு தனியாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கு 5,000 யூரோ கொடுத்தது. விண்ணப்பித்த சில நாட்களில் என் நண்பரின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. கலைஞர்களுக்கென்றே இங்கு ஒரு சமூகக் காப்பீட்டு அமைப்பு இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் பாதியை அதுவே ஏற்கிறது. தொழிலுக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச வருமானம் இல்லாவிட்டாலும் அதில் சேரலாம். ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு இங்கே வாருங்கள்.

கொலோன் அக்கா

தம்பி, பெர்லினை வைத்து ஜெர்மனி முழுவதையும் அளக்காதீர்கள். எங்கள் மாநிலத்தில் கலைஞர்களுக்கு ஒதுக்கியது ஆளுக்கு 2,000 யூரோ; முதலில் ஒதுக்கிய தொகை வேகமாகத் தீர்ந்துபோனது. அரங்குகளில் நிரந்தர ஒப்பந்தத்தில் இருக்கும் பாடகர்களுக்குக் குறைநேர வேலைக்கான ஈட்டுத்தொகை வருகிறது; ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் விருந்தினராக அழைக்கப்படும் இளையவர்கள் இங்கும் நடுத்தெருவில்தான் நிற்கிறார்கள். இந்தத் தங்கைக்கு இந்த மாத வாடகை வேண்டும். அவரை மொழி படிக்கச் சொல்வதில் என்ன பொருள்?

குரோய்டன் குமரன்

யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு நலத்தொகைக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். இந்த ஆண்டு அதில் வாரத்துக்கு 20 பவுண்டு கூட்டியிருக்கிறார்கள். வீட்டு வாடகையின் ஒரு பகுதியையும் அதிலேயே சேர்த்துத் தருவார்கள்.

இரவுப்பணித் தாதி

குமரன் அண்ணா, அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்காமல் இப்படிச் சொல்லலாமா? பொது நிதி (அரசின் நலத்தொகைகள்) பெறக் கூடாது என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவர் யுனிவர்சல் கிரெடிட்டோ கவுன்சில் வரிச் சலுகையோ வாங்கினால் அது விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். பிறகு நீட்டிப்பின்போது குடும்பமே அல்லல்பட நேரும். என்னுடன் பணிபுரியும் ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

பெரியவர் ஐயா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. நான் பணிபுரியும் இடத்தில் பராமரிப்பு வேலைக்கு ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கோவிட் வந்து மாதங்கள் ஆகியும் மூச்சு வாங்கும் நோயாளிகளுக்கு, இலண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவும் ஒரு மருத்துவமனை அறக்கட்டளையும் சேர்ந்து, தாலாட்டுப் பாடல்களை வைத்து மூச்சுப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. மூச்சை எப்படி நீட்டி வெளியேற்றுவது என்பதைப் பாடகர்கள் அறிந்த அளவுக்கு நாங்கள் அறிந்ததில்லை. ஆகவே பாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஹாரோ சந்திரா

ஒரு பாலே நடனப் பெண்ணின் படத்தைப் போட்டு, அவருடைய அடுத்த வேலை சைபர் துறையில் இருக்கலாம், அது அவருக்கே இன்னும் தெரியாது என்று சென்ற மாதம் அரசு ஆதரவு பெற்ற ஒரு விளம்பரம் சுற்றியதே, பார்த்தீர்களா? பண்பாட்டு அமைச்சரே அது நாகரிகமற்றது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நோய் பரவும் என்கிறார்கள், சரி; ஆனால் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மணிக்கணக்கில் உட்காரலாமாம், இடைவெளி விட்டு அமர்ந்து ஒரு பாட்டைக் கேட்கக் கூடாதாம்.

ரெடிங்வாசி

சரியாகச் சொன்னீர்கள். பணத்துக்கு வழியில்லாமல் ராயல் ஓபரா ஹவுஸ் தன் சுவரில் தொங்கிய, ஓவியர் டேவிட் ஹாக்னி வரைந்த ஓவியத்தையே அக்டோபரில் ஏலம் விட்டு ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சம் பவுண்டு திரட்டியது. அவ்வளவு பெரிய வீட்டிலேயே படத்தைக் கழற்றி விற்கிறார்கள் என்றால் தெருமுனையில் நிற்பவர் எதை விற்பது?

குரோய்டன் குமரன்

எல்லாம் வரி கட்டுகிற நம் தலையில்தான் விழும். 157 கோடி பவுண்டு பண்பாட்டு மீட்பு நிதி என்று ஜூலையில் தம்பட்டம் அடித்தார்களே, அது எங்கே போயிற்று? கட்டடங்களுக்குப் போயிற்று. பாடுகிறவருக்கு என்ன வந்தது?

கணக்குப்பிள்ளை, 10 நவம்பர்

மன்னிக்கவும், இந்தப் புலம்பலில் நானும் கலந்துகொள்ள விரும்புகிறேன்; ஆனால் அந்தப் பெண் கேட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. நான் கணக்காளன், என் வாடிக்கையாளர்களில் ஏழெட்டுப் பேர் இசைக்கலைஞர்கள். தங்கையே, நீங்கள் நான்கு செய்திகளைச் சொல்லவில்லை. அவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது இருட்டில் எறிந்த கல். உங்கள் விசா என்ன? நீங்கள் சுயதொழிலராகப் பதிந்திருக்கிறீர்களா, எப்போது பதிந்தீர்கள்? குடியிருப்பது தனி வீடா, வீட்டுக்காரருடன் சேர்ந்து ஒரே வீடா? ஒத்திகைக்கான தொகை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா?

குழித்துறைக்காரி

பதற்றத்தில் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். கணவரின் டியர் 2 (வேலைக்கான) விசாவைச் சார்ந்த டிபென்டென்ட் விசாவில் இருக்கிறேன். அட்டையில் பொது நிதி இல்லை என்றே அச்சிட்டிருக்கிறது. அவரை ஃபர்லோவில் (அரசு உதவியோடு சம்பளம் தரும் கட்டாய விடுப்பில்) வைத்து 80 சதவீதச் சம்பளம் கொடுக்கிறார்கள். நான் 2019 அக்டோபரில் சுயதொழிலராகப் பதிந்தேன். யுடிஆர் எனப்படும் வரி அடையாள எண் இருக்கிறது. வரிக் கணக்கு இதுவரை தாக்கல் செய்ததில்லை. ஹாரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில் இருக்கிறோம், வீட்டுக்கார அக்கா கீழே இருக்கிறார். ஒப்பந்தத்தில் ஒத்திகை வாரத்துக்கு ஒரு தொகையும் நிகழ்ச்சிக்கு வேறொரு தொகையும் எழுதியிருக்கிறது. ஒரு பல்பொருள் அங்காடியில் இரவு வேலைக்கு அழைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே சேர்ந்தால் கலைஞர் உதவி எதுவும் கிடைக்காது என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள்.

ரெடிங்வாசி

அப்படியானால் வரிக் கணக்கை இப்போது தொடவே வேண்டாம். ஜனவரி 31 வரை அவகாசம் இருக்கிறது. வருமானமே இல்லாத நேரத்தில் அதை ஏன் தோண்ட வேண்டும்?

கணக்குப்பிள்ளை

ரெடிங்வாசி ஐயா, உங்கள் முதல் அறிவுரையும் இரண்டாவதும் நல்லெண்ணத்தில் வந்தவை. இரண்டுமே இவருக்குப் பொருந்தவில்லை. 2018-19 வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஆதரவுத் திட்டம் இன்றுவரை திறந்திருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொழில் தொடங்கியவர்கள் மொத்தமாக வெளியே நிற்கிறார்கள், புதிதாக மேடையேறியவர்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான். ஓபராவில் இந்த அடி இன்னும் பலமாக விழுகிறது. ஒரு வேடத்தைப் பல மாதங்கள் சொந்தச் செலவில் பயின்று, பயிற்சியாளருக்கும் பியானோ வாசிப்பவருக்கும் கையிலிருந்து கொடுத்து, மேடையேறும் இரவுக்குத்தான் ஊதியம் என்ற ஏற்பாட்டில் பாடும் ஒருவருக்கு, அந்த இரவு இல்லாமற்போனால் உழைப்பு முழுவதும் கணக்கிலேயே ஏறாது.

ஆனாலும் உங்கள் 2019-20 கணக்கை இந்த மாதமே தாக்கல் செய்யுங்கள் என்பதுதான் என் அறிவுரை. விடுபட்டவர்கள் கூட்டமாகக் குரல் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விதி மாறும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. மாறினால் அரசு பார்க்கப்போவது இந்தக் கணக்கைத்தான், அறிவிப்பு வந்த பிறகு அவசரமாகப் போட்டதை ஏற்காமல் போகலாம். முதல் திட்டத்திலும் ஒரு தேதி குறித்து, அதற்குப் பின் கதவை மூடினார்கள். இலாபம் 12,500 பவுண்டுக்குள் இருந்தால் வருமான வரி இல்லை. செலவுகளை உள்ளபடி காட்டுங்கள், ஊதவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். சுயதொழில் ஆதரவுத் தொகையும் ஃபர்லோவும் விசா விதிகளில் பொது நிதியாகக் கருதப்படுவதில்லை; அறக்கட்டளை உதவியும் அப்படியே.

அங்காடி வேலையில் தாராளமாகச் சேருங்கள். வேறு வேலை பார்ப்பதால் சுயதொழில் ஆதரவுத் திட்டத்தில் தகுதி போய்விடாது என்று அரசே எழுதியிருக்கிறது. உங்கள் தோழி மாணவர் விசாவை நினைத்துக் குழம்பியிருக்கலாம். அந்த விசாவில்தான் சுயதொழிலுக்கும் மேடைக் கலைஞராக வேலை பார்ப்பதற்கும் தடை உண்டு.

அறக்கட்டளைகளைப் பொறுத்தவரை, ஹெல்ப் மியூசிஷியன்ஸ் அமைப்பு மார்ச்சில் ஆளுக்கு 500 பவுண்டு கொடுத்தது. அடுத்த கட்டம் திறக்கும்போது தவறவிடாதபடி அவர்களுடைய அஞ்சல் பட்டியலில் இன்றே சேருங்கள். ராயல் சொசைட்டி ஆஃப் மியூசிஷியன்ஸ் என்ற அறக்கட்டளை 1738இல் தொடங்கியது. இசையமைப்பாளர் ஹாண்டல் தம் உயிலில் அதற்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். ஓபரா எழுதியே கையைச் சுட்டுக்கொண்ட மனிதர் அவர், பாடகரின் பாடு அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி, ரத்தான ஒப்பந்தங்களையும் மூன்று மாத வங்கி அறிக்கையையும் இணைத்து அங்கும் அனுப்புங்கள். ஈக்விட்டி என்ற மேடைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் நலநிதியையும் சட்ட உதவியையும் கேட்கலாம்.

ஒத்திகைத் தொகை தனியாக எழுதப்பட்டிருப்பது உங்களுக்குச் சாதகம். நிகழ்ச்சி ரத்தானதற்குக் கொள்ளைநோயைக் காரணம் காட்டலாம், ஏற்கெனவே செய்து முடித்த ஒத்திகைக்கு அதைக் காட்ட முடியாது. அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் விலைப்பட்டியல் அனுப்பி 30 நாள் அவகாசம் கொடுங்கள். அக்குழு மீட்பு நிதி பெற்றவர்களின் பட்டியலில் இருந்தால் அதைக் கடிதத்தில் பணிவாக நினைவூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறுதொகை வழக்காக இணையத்திலேயே பதியலாம். சிறிய இசை உலகில் வழக்குப் போட்டவர் என்ற பெயர் நல்லதல்ல, ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள்.

வாடகைதான் சிக்கல். ஆகஸ்ட் 29 முதல் ஆறு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்ற சட்டம், வீட்டுக்காரருடன் ஒரே வீட்டில் அறை எடுத்திருப்பவரைக் காப்பதில்லை. அந்த அக்காவிடம் கணவரும் நீங்களும் சேர்ந்து போய், எவ்வளவு இப்போது, எவ்வளவு எந்தத் தேதியில் என்று எழுதிய தாளுடன் பேசுங்கள். வெறுங்கையோடும் கண்ணீரோடும் போவதைவிட அது நல்லது.

ஈஸ்ட்ஹாம் பெரியவர்

பிள்ளை, நேற்று நான் கடுமையாக எழுதிவிட்டேன். ஹாரோவில் பாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் பல உண்டு. வீடியோவில் பதிந்து அனுப்பும் இசைத் தேர்வு இந்த ஆண்டு வந்திருக்கிறதாம், என் பேத்தி அதற்குத்தான் ஆயத்தம் செய்கிறாள். அவளுக்கு மேற்கத்தியப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. சூம் வழியாக வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க முடியுமா? கட்டணத்தை நீங்களே சொல்லுங்கள், என்னிடம் பேரம் இல்லை.

குழித்துறைக்காரி, 5 மார்ச் 2021

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நவம்பர் 21 அன்று வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். நேற்று முன்தினம் வந்த வரவுசெலவு அறிக்கையில், மார்ச் 2 நள்ளிரவுக்குள் 2019-20 கணக்கைத் தாக்கல் செய்தவர்களையும் சுயதொழில் ஆதரவுத் திட்டத்தின் நான்காம் தவணையில் சேர்த்திருக்கிறார்கள். என் இலாபம் 4,350 பவுண்டு. அதை 12 மாதத்துக்கு வகுத்து, 80 சதவீதமாக்கி, மூன்று மாதத்துக்குப் பெருக்கினால் 870 வருகிறது. கணக்குப்பிள்ளை அண்ணா, சரிதானா? ஒத்திகைத் தொகையில் பாதியைக் குழு அனுப்பிவிட்டது, மீதிக்கு ஜூன் என்கிறார்கள். அக்கா இரண்டு மாத வாடகையைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். பிப்ரவரியோடு பாக்கி தீர்ந்தது. அங்காடியில் வாரம் மூன்று இரவுகள், சூமில் ஐந்து பிள்ளைகள். பெரியவரின் பேத்தி மேல் சுரத்தில் கழுத்தை நீட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை.

கணக்குப்பிள்ளை

கணக்கு சரி. விண்ணப்பம் ஏப்ரல் இறுதியில்தான் திறக்கும். அதுவரை ரத்தான ஒப்பந்தங்களின் மின்னஞ்சல்களை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள், வருமானம் குறைந்ததற்குச் சான்று கேட்பார்கள். உங்கள் பணம் தயாராக இருக்கிறது என்று குறுஞ்செய்தியில் ஏதேனும் இணைப்பு வந்தால் தொடாதீர்கள்; எச்எம்ஆர்சி (வரித்துறை) தளத்துக்கு நேராகப் போய் நுழையுங்கள்.