மலக்குடலைக் கதிரிலிருந்து தள்ளிவைக்கும் கூழுக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் உள்ள சுரப்பி) புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கப்போகிறவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்பேசர்’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். சுரப்பிக்குப் பாய்ச்சும் கதிர் மலக்குடலின் முன்சுவரிலும் படுகிறது. பின்னாளில் இரத்தம் கசியலாம், மலத்தை அடக்க முடியாமல் போகலாம். அதற்காக நடுவில் ஊசிவழி ஒரு கூழைச் செலுத்தி, மலக்குடலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைக்கிறார்கள். அந்தக் கூழ்தான் ஸ்பேசர். ‘இடைவெளியாக்கி’ என்று எழுதினேன். வாயில் நுழையவில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு):
இடையணை. தலையணையில் வரும் அதே அணைதான். இரண்டு உறுப்புகளுக்கு நடுவே மெத்தென்று கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

அகராதி ஆர்வலர்:
ஐயா, அணைதல் என்றால் நெருங்குதல், தழுவுதல். இங்கே வேண்டுவது பிரிவு. குறள் 1108-ஐப் பாருங்கள்: ‘வளியிடை போழப் படாஅ முயக்கு’. காற்றுகூட ஊடே புகாத தழுவலை வள்ளுவர் புகழ்கிறார். இங்கு அந்த முயக்கத்தைத்தான் பிரிக்கிறோம். ஆகவே ‘இடைபோழி’. போழ் என்றால் பிளத்தல். பனையோலைக் கீற்றைக் குறிக்கும் பனம்போழிலும் அந்த வேர் உண்டு. ஓலையைக் கிழிப்பதால் வந்த பெயர் அது.

கதிர்வீச்சு மருத்துவர்:
போழ்தல் என்று படித்தால் நோயாளி அறுவை என்று பயப்படுவார். எதையும் நாங்கள் பிளப்பதில்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு ஊசியை ஏற்றுகிறோம். பாலிஎத்திலீன் கிளைகால் கூழ் அங்குள்ள கொழுப்பு அடுக்கை விரித்து உட்காரும். மூன்று மாதம்போல நிலைக்கும். ஆறு மாத அளவில் கரைந்து சிறுநீரில் போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘தடுப்பு’, ‘கவசம்’ இரண்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் கூழ் கதிரைத் தடுப்பதே இல்லை. தொலைவு கூடுவதால்தான் மலக்குடலுக்குப் போகும் அளவு குறைகிறது. இடையணையிலும் இதே ஆபத்து உண்டு, ஐயா: அணைக்கட்டை நினைத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
முதலில் ‘புராஸ்டேட்’ எதற்கு? முன்னிற்குஞ்சுரப்பி என்றுதான் நாங்கள் படித்தனாங்கள். கிரேக்க மூலத்திலும் முன்னே நிற்பது என்பதுதான் கருத்து.

மொழிபெயர்ப்பாளர்:
அழகான சொல், அண்ணா. ஆனால் நோயாளிகள் கையிலுள்ள ரிப்போர்ட்டிலெல்லாம் புராஸ்டேட் என்றே இருக்கும். இரண்டையும் முதல் பக்கத்தில் சேர்த்துத் தருகிறேன்.

கதிர்வீச்சு மருத்துவர்:
ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நாளும் மூத்திரப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் வர வேண்டும் என்ற பகுதி தெளிவாக இருக்கிறதா? பை நிறைந்தால் சிறுகுடல் மேலே விலகும். மலமோ வாயுவோ தேங்கினால் புராஸ்டேட் குறித்த இடத்தைவிட்டு நகரும். கூழ் வைக்காதவர்களும் இதைச் செய்தாக வேண்டும். எனக்கு அந்தப் பக்கம்தான் கவலை.

மொழிபெயர்ப்பாளர்:
அதை இன்று திரும்ப எழுதுகிறேன், டாக்டர். ஸ்பேசருக்கு ‘இடைக்கூழ்’ என்று வைத்து, பக்கத்தில் ‘ஸ்பேசர்’ என்றும் போடுகிறேன். நால்வர் தனிமடலில் சரி என்றார்கள். இனி மாற்ற நேரமில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு):
கையேட்டுக்கு அது போதும், அம்மா. கலைச்சொல்லாக ஏற்க மாட்டேன். உப்புநீர் நிரப்பி, பின்னர் உடலிலேயே கரைந்துபோகும் பலூனும் இதே வேலைக்கு இருக்கிறது. அதையும் இடைக்கூழ் என்பீர்களா? கலைச்சொல் பட்டியலில் இடையணையையும் சேர்த்து வையுங்கள்.