புதுப்பிப்பு: மெலிந்த மண் கோதுமைக்கு யூரியா மட்டும் போதவில்லை

மணல் பாங்கான, சத்தில்லாத மண்ணில் யூரியாவை அள்ளிப் போட்டும் கோதுமை ஏன் தூர் கட்டவில்லை, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இந்த அறுவடையில் பதில் கிடைத்துவிட்டது.

குறை மணிச்சத்தில்தான், அதாவது பாஸ்பரஸில். யூரியாவில் இருப்பது 46 சதவீதத் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டுமே. போன முறையே அடி இலைகளில் ஊதா நிறம் ஓடியிருந்தது. குளிர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது மணிச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம்.

இந்த முறை பாதி வயலில் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை மேலே தூவாமல், விதைக்குச் சற்றுக் கீழே சாலில் விழும்படி இட்டேன். மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது, வேர் அதைத் தொட வேண்டும். யூரியாவையும் ஒரேயடியாக இடாமல் பிரித்து இட்டேன், விதைத்த 21ஆம் நாள், தூருக்கான வேர் இறங்கும்போது, முதல் பாசனத்தோடு ஒரு பங்கு. பிடுங்கிப் பார்த்தால், பழைய முறைப் பாதியில் செடிக்கு ஒன்றிரண்டு தூர், இந்தப் பாதியில் நான்கைந்து. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், மக்கிய தொழு உரம் விழுந்த மூலையில் ஈரம் நின்றது, மணியும் திரண்டிருந்தது.

உங்கள் மண் அமிலத்தன்மை கொண்டதா என்று முதலில் பரிசோதியுங்கள். அப்படியென்றால் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு இட்ட பிறகே உரத்துக்குச் செலவழியுங்கள்.