விமானிக்குச் சங்கம் எதற்கு? சந்தா வீணா?

கணக்கன்:
சம்பளம் ஏறினால் எல்லாரும் சங்கத்துக்கு மாலை போடுகிறார்கள், எனக்கு இது ஒப்பவில்லை. 2023-இல் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தின் விமானிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு கிடைத்ததற்குக் காரணம் ஆள் பஞ்சம். கொரோனா நேரத்தில் அனுபவசாலிகளை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டு, பயணிகள் திரும்பி வந்ததும் ஓட்ட ஆளில்லாமல் நிறுவனங்கள் தவித்தன. ஆள் கிடைக்காவிட்டால் கூலி தானே ஏறும், இதற்கு மாதாமாதம் சந்தா எதற்கு?

ரன்வே27:
பஞ்சம் இருந்தது உண்மை. ஏறிய சம்பளம் பஞ்சம் தீர்ந்ததும் இறங்கிவிடாமல் பிடித்து வைத்திருப்பது சங்கம் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தம். அதை விடுங்கள், பல இடங்களில் பார்க்கிங் பிரேக்கை எடுத்து விமானம் நகர்ந்தால்தான் சம்பள நேரம் ஓடத் தொடங்கும். ஒருநாள் விடியற்காலை மூடுபனி. விமானத்தைச் சுற்றிப் பார்த்து, எரிபொருள் கணக்கைச் சரிபார்த்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், கடைசியில் ரத்து என்றார்கள். அன்று என் கணக்கில் ஏறிய நேரம் பூஜ்யம். அந்த நிறுவனத்தில் சங்கம் இல்லை. இப்போது இருக்கும் இடத்தில் ரத்தானாலும் ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், போட்ட நேரத்துக்குப் பணம் உண்டு, சங்கம் உட்கார்ந்து பேசி வாங்கியது அது.

கணக்கன்:
சரி, அது நியாயம். ஆனால் சீனியாரிட்டி, அதாவது நிறுவனத்தில் யார் முதலில் சேர்ந்தார் என்ற பட்டியலை வைத்துப் பதவியும் லீவும் தரும் முறை? என் அண்ணன் பத்து வருஷம் கேப்டன். நிறுவனம் மூடியதும் 48 வயதில் வேறு இடத்தில் கோ-பைலட்டாக, முதல் ஆண்டுச் சம்பளத்தில், பட்டியலின் அடியில் சேர்ந்தார். லீவுகூட 26 வயதுப் பிள்ளைகள் எடுத்தது போக மிச்சம்தான் அவருக்கு. இந்த முறையைக் கட்டிக் காப்பது உங்கள் சங்கங்கள்தானே?

வானம்பாடி:
அண்ணனுக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மறுப்பில்லை. பட்டியல் இல்லாவிட்டால் யாருக்குக் கேப்டன் பதவி என்பதை மேலாளர் தீர்மானிப்பார், களைப்பாக இருக்கிறது என்று ஒரு விமானத்தை மறுத்தவர் பெயரைத்தான் அங்கே முதலில் வெட்டுவார்கள், அதுதான் என் பயம். 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கோ-பைலட் சொற்பச் சம்பளக்காரர், சியாட்டிலில் இருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். விபத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால்தான் அமெரிக்காவில் 2014-இல் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

கணக்கன்:
ஓய்வு விதி வேண்டும், அதில் எனக்கு வாதமே இல்லை. சீனியாரிட்டி பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஒரு கேள்வி. அண்ணன் கோபத்தில் புது இடத்தில் சங்கத்தில் சேரவில்லை. அடுத்த மாதம் அவருக்கு மெடிக்கல், லைசென்ஸைத் தக்கவைக்க எடுக்கும் உடல் பரிசோதனை. லைசென்ஸ் போனால் கிடைக்கும் காப்பீடு உறுப்பினர்களுக்கு மட்டுமா?

ரன்வே27:
சில இடங்களில் நிறுவனமே எல்லாருக்கும் தருகிறது, சில இடங்களில் சங்க உறுப்பினர்களுக்குத்தான். ஒப்பந்தத்தின் நகலை வாங்கி இன்றே பார்க்கச் சொல்லுங்கள். சேர்வதாக இருந்தால் மெடிக்கலுக்கு முன்பே சேரட்டும், ஏற்கெனவே கண்டுபிடித்த நோய்க்குக் காப்பீட்டில் பணம் வாங்குவது கடினம்.