கொழும்பில் கூட்டெரு முற்ற மேற்பார்வையாளர் வேலை: நேர்முகத்துக்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வத்தளைவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வத்தளைப் பக்கம் ஒரு தனியார் கூட்டெரு முற்றத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு அடுத்த கிழமை நேர்முகம். நாளுக்கு 2 தொன் உக்கும் கழிவு வருமாம். அதிகம் பேலியகொட மெனிங் சந்தை மரக்கறி, மிச்சம் ஹோட்டல் சமையலறைக் கழிவு. கீழே 6 பேர் வேலை. விவசாய டிப்ளோமா இருக்கிறது, முற்றத்தில் வேலை செய்த அனுபவம் இல்லை. முதல் மாதத்தில் எது பிழையாகப் போகும்? அவர்களிடம் நான் என்ன கேட்க வேண்டும்? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

கரிநைதரசன்:

தம்பி, முதலில் பிழையாகப் போவது தண்ணீர்தான். சந்தை மரக்கறிக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் நீர். அதை அப்படியே குவித்தால் இரண்டு நாளில் அமர்ந்து, இடையில் இருந்த காற்று போய், அடியில் கறுத்த சாறு வடியும். அதன் பிறகு நடப்பது அழுகல், உக்கல் அல்ல.

கணக்கைக் கையில் வைத்திருங்கள். 1000 கிலோ கழிவில் 850 கிலோ நீர், 150 கிலோ உலர் பொருள். 15 வீத ஈரலிப்புள்ள காய்ந்த இலைச்சருகு 400 கிலோ சேர்த்தால்தான் முழுக் குவியலின் ஈரலிப்பு 65 வீதத்துக்கு இறங்கும். 60 வீதம் வேண்டுமென்றால் சருகு 550 கிலோவுக்கு மேல் போகும். உங்கள் 2 தொன்னுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 800 கிலோ சருகு. தளர்வாக லொறியில் ஏற்றினால் அது 8 கன மீற்றருக்கு மேல் வரும். ஆகவே நேர்முகத்தில் உங்கள் முதல் கேள்வி: "காய்ந்த பொருள் எங்கிருந்து, கிழமைக்கு எத்தனை லோட்?" இதற்குப் பதில் இல்லாத இடத்தில் நாற்றத்துக்கு வரும் முறைப்பாடெல்லாம் மேற்பார்வையாளர் தலையில்தான் விழும்.

குவியலின் அளவு அடி அகலம் 3 மீற்றர், உயரம் 1.5 மீற்றர். உயரம் கூடினால் அடியில் காற்று நெரிபடும், குறைந்தால் சூடு தங்காது. 6 நாள் வரவைச் சேர்த்தால் ஏறத்தாழ 11 மீற்றர் நீளத்தில் ஒரு வரிசை. அதைக் கிழமைக்கு இரண்டு முறை மண்வெட்டி போன்ற கைக்கருவிகளால் புரட்ட 6 பேரால் முடியாது, வரவைத் தரம் பிரிக்கவே 4 பேர் வேண்டும். சிறிய லோடர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெப்பநிலையை ஒவ்வொரு நாளும் மூன்று இடத்தில், 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுங்கள். நோய்க்கிருமியும் களை விதையும் சாக 55 பாகை செல்சியசுக்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அந்த 15 நாளுக்குள் 5 தடவையாவது புரட்ட வேண்டும். 70ஐத் தொட்டால் நல்ல நுண்ணுயிரும் சாகும், அன்றைக்கே புரட்டுங்கள்.

மழைக்காலம்:

கரிநைதரசன் சொன்ன கணக்கு கூரைக்குக் கீழே சரி. திறந்த முற்றமென்றால் வைகாசி மழையும் ஐப்பசி இடிமழையும் அதைக் குழப்பிவிடும். முதல் மூன்று கிழமைக் குவியல்களுக்கு மேல் கூரை கட்டாயம். கூரை இல்லையென்றால் உச்சியைத் தட்டையாக விடாமல் கூராக்கி, மேலே 10 சென்ரிமீற்றருக்கு முதிர்ந்த கூட்டெருவைப் பரப்புங்கள். அது நாற்றத்தையும் பிடிக்கும். தார்ப்பாய் இழுத்து மூடுவது மழை பெய்யும் நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க மூடிவைத்தால் உள்ளே காற்றுப் போகாது.

தரை 2 வீதச் சாய்வோடு கொங்கிரீட்டாக இருக்க வேண்டும், அதாவது 10 மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் இறக்கம். குவியலைச் சாய்வுக்குக் குறுக்கே போடாதீர்கள், சாய்வின் போக்கிலேயே போடுங்கள். குறுக்கே போட்டால் குவியல் அணைபோல் நின்று மேல்பக்கத்தில் தண்ணீர் கட்டும். பலர் விடும் பிழை இது.

வடியும் சாற்றுத் தொட்டிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் ஐதரசன் சல்பைட்டு. செறிவு கூடும்போது மூக்கு மரத்து, மணமே தெரியாமல் போகும். மணம் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் இறங்கி விழுவார், தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். பம்பை வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள்.

எலிக்காய்ச்சலையும் சொல்ல வேண்டும். எலி உள்ள இடத்தில் ஈரக் கழிவுக்குள் கை கால் வைக்கும் வேலை இது. முழங்கால் உயர றப்பர் சப்பாத்து, தடித்த கையுறை, காயத்தை மூடிக் கட்டுவது எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும்படி கொடுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். ஏற்பூசியும் (ரெட்டனஸ் தடுப்பூசி) எல்லோருக்கும் போட்டிருக்க வேண்டும். வரவில் கண்ணாடியும் கம்பியும் வரும்.

வத்தளைவாசி:

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளிலிருந்து மரத்தூள் இலவசமாக எடுக்கலாம் என்கிறார்கள். சருகுக்குப் பதில் முழுக்க அதையே போடலாமா? இளநீர்க் கோம்பையை என்ன செய்வது?

கரிநைதரசன்:

முழுக்க மரத்தூள் போட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீரும், சூடு ஏறாது. மரக்கறிக் கழிவின் காபன் நைதரசன் விகிதம், அதாவது ஒரு பங்கு நைதரசனுக்கு எத்தனை பங்கு காபன் என்பது, 17 அளவில். 400 கிலோ சருகோடு அது 30ஐ ஒட்டி வரும், அதுதான் நமக்கு வேண்டியது. அதே 400 கிலோவையும் மரத்தூளாகப் போட்டால் விகிதம் 50ஐத் தாண்டிவிடும். நைதரசன் போதாமல் நுண்ணுயிர் பெருகாது, குவியல் 40 பாகையில் சோம்பிக் கிடக்கும். போதாததற்கு மரத்தூள் பொடியாக இருப்பதால் நனைந்ததும் அப்பிக்கொள்ளும், காற்றுக்கு இடம் விடாது. 300 கிலோ சருகுக்கு 100 கிலோ மரத்தூள் என்று நில்லுங்கள். கிளிரிசிடியா இலை கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள், நைதரசன் ஏறும்.

மருந்தடித்த பலகை, பிளைவூட் அரிந்த தூள் வேண்டவே வேண்டாம். பட்டறையில் எந்த மரம் அரிகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு எடுங்கள். தும்புத்தூளும் அளவோடுதான். நீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் மரத்தை இறுக்கமாக்கும் லிக்னின் அதிகம், எளிதில் உக்காது.

கோம்பை முழுசாக ஒருபோதும் குவியலுக்குள் போகக் கூடாது. நாரெல்லாம் சாதாரண வெட்டும் இயந்திரத்தின் அலகைச் சுற்றி இறுகி மோட்டரை எரித்துவிடும். நான்காகப் பிளந்து வெயிலில் காயப்போட்டு, குவியலின் அடியில் 20 சென்ரிமீற்றர் படுக்கையாகப் பரப்புங்கள். அடியால் காற்றுப் போக அதைவிட நல்ல பொருள் இல்லை. அரித்தெடுக்கும்போது மிஞ்சுவதைத் திரும்ப அடுத்த குவியலுக்கு அடியில் போடலாம். பிளக்காமல் மழையில் விட்டால் டெங்கு நுளம்பு பெருகும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவார்.

தெமட்டகொட அக்கா:

சம்பளப் பக்கத்தை ஒருவரும் சொல்லவில்லை. நாட்கூலியாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்களிடம் வெட்டக் கூடாது. கீழே வேலை செய்யும் ஆறு பேருக்கும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். சப்பாத்தும் கையுறையும் யார் வாங்கித் தருவது, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்பதையும் நியமனக் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எந்தத் திகதி வரை என்று பாருங்கள். அது காலாவதியானால் வேலையே நின்றுபோகும்.

தம்பி, சிங்களம் கட்டாயம் வேண்டும். லொறிச் சாரதி, சந்தைத் துப்புரவு ஆட்கள், வாங்க வரும் கமக்காரர் எல்லோரோடும் அதில்தான் கதைக்க வேண்டியிருக்கும். வரவில் பொலித்தீன் கலந்திருந்தால் லொறி கொட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்றும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை சம்பளத்துக்கு அடுத்த முக்கியமான கேள்வி அது. சாப்பாடு சுற்றும் லஞ்ச் சீற் ஒன்று குவியலைப் புரட்டும்போது இருபது துண்டாகும், பிறகு எந்த அரிதட்டாலும் முழுதாக எடுக்க முடியாது. 2017இல் சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிக்காத கழிவை ஓரிடத்தில் குவித்துக்கொண்டே போனதால் வந்த சாவு அது. பிரித்துத்தான் எடுப்பேன் என்று வாசலில் நிற்பது அடம்பிடிப்பு அல்ல.

வத்தளைவாசி:

எல்லாம் குறித்துக்கொண்டேன் அக்கா. கடைசியாக ஒன்று. புரட்டிய பிறகு சூடு ஏறவில்லை என்றால் உக்கி முடிந்துவிட்டது என்று எடுக்கலாமா?

கரிநைதரசன்:

உடனே எடுக்காதீர்கள். முதலில் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் ஈரலிப்பு சரி. கை விரித்ததும் உதிர்ந்தால், உள்ளே சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தால், காய்ந்து நின்றுவிட்டது. தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள், இரண்டு நாளில் சூடு திரும்பும். ஒழுகினால் மூச்சடைத்திருக்கிறது, சருகு சேருங்கள். அமோனியா மூக்கில் குத்தினால் நைதரசன் ஆவியாகிப் போகிறது, அதற்கும் சருகுதான்.

ஈரலிப்புச் சரியாக இருந்து, 8 கிழமை கடந்து, புரட்டியும் சூடு ஏறவில்லையென்றால் ஒரு பிடியை நனைத்துப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மண் மணந்தால் அரிக்கலாம். புளித்தால் இன்னும் மூன்று, நான்கு கிழமை ஆறவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் 20 பயறு விதையை அதில் போட்டு, இன்னொரு 20ஐச் சாதாரண மண்ணில் போட்டு, ஐந்தாம் நாள் இரண்டு பக்கமும் எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பாருங்கள், கூட்டெருப் பக்கம் குறைந்தால் இன்னும் ஆறவிட வேண்டும். மூட்டை கட்டி விற்பதென்றால் கூட்டெருவுக்கு இப்போது நடைமுறையிலுள்ள எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியமம்) படி ஆய்வுகூட அறிக்கையும் வேண்டும். மாதிரியை ஓரிடத்தில் அள்ளாமல், குவியலின் பத்து இடத்திலாவது எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.